தற்காலிகம் என்றோர் ஒப்பந்தம்: உலாவிச் செருகுநிரல்கள் விட்டுச்சென்ற கோப்புறைகளின் வரலாறு

ஃபயர்பாக்ஸ் உலாவி புழக்கத்துக்கு வந்த முதல் பத்தாண்டில், விண்டோஸ் கணினியின் 'டெம்ப்' கோப்புறையைத் திறந்து பார்த்த பலர் அங்கே 'பிளக்டிஎம்பி' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருப்பதைக் கண்டனர். சில கணினிகளில் அதனருகே பிளக்டிஎம்பி-1, பிளக்டிஎம்பி-2 என்று எண்ணிட்ட கோப்புறைகளும் வரிசையாக நின்றன. அவற்றைக் கணினியின் உரிமையாளர் உருவாக்கவில்லை. உருவாக்க அவரிடம் யாரும் அனுமதி கேட்கவுமில்லை. சில வேளைகளில் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் அந்தக் கோப்புறைக்குள் இருந்த ஒரு கோப்பைச் சுட்டி எச்சரிக்கை விடுக்கும். அப்போது மூன்று கேள்விகள் ஒருசேர எழுந்தன. இதை உருவாக்கியது யார்? வேலை முடிந்தபின் ஏன் அழிக்கவில்லை? இதை அழித்தால் ஏதேனும் கெடுமா?

இவை தொழில்நுட்பக் கேள்விகளாகத் தோன்றினாலும் இவற்றின் விடை வரலாற்றில்தான் இருக்கிறது. 'தற்காலிகக் கோப்பு' என்பது கணினி அறிந்த ஒரு பொருள்வகை அன்று. வட்டில் எழுதப்பட்ட எந்தக் கோப்பையும் போலவே அதுவும் ஒரு கோப்பு. அதைத் தற்காலிகமாக்குவது, உருவாக்கியவர் தாமே அதை அழிப்பார் என்ற ஒப்பந்தம் மட்டுமே. அந்த ஒப்பந்தத்தில் இயங்குதளம், உலாவி, செருகுநிரல் என்ற மூன்று தரப்புகள் சேர்ந்தபோது, அழிக்கும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவின்றிப் போனது. எதிர்பாராமல் கண்ணில் பட்ட ஒவ்வொரு கோப்புறையும் அந்தத் தெளிவின்மையின் சுவடு.

பொது முற்றம்

யூனிக்ஸ் மரபில் 'டிஎம்பி' என்பது ஒரு பொது முற்றம். கணினியைப் பயன்படுத்தும் எவரும் அதில் எழுதலாம். பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்தின் ஏற்பாடு அது. பொது முற்றத்துக்கே உரிய சிக்கல்கள் விரைவில் வெளிப்பட்டன. ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிக்க முடிந்தது. 1986இல் வெளியான 4.3பிஎஸ்டி பதிப்பு, ஒட்டும் பிட் எனப்படும் குறியைக் கோப்புறைகளுக்கும் பொருத்தி இதற்கு வழி செய்தது. அக்குறி இடப்பட்ட கோப்புறையில் ஒரு கோப்பை அதன் உடைமையாளரோ, கோப்புறையின் உடைமையாளரோ, கணினியின் தலைமைப் பயனரோதான் நீக்க முடியும்.

இரண்டாவது சிக்கல் பெயரைப் பற்றியது. பழைய நிரல்கள் முதலில் ஒரு பெயரைத் தேர்ந்து, பிறகு அந்தப் பெயரில் கோப்பைத் திறந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் வேறொருவர் அதே பெயரில் ஓர் இணைப்பை வைத்துவிட்டால், நிரல் அறியாமலேயே வேறொரு கோப்பின்மேல் எழுதிவிடும். பெயரைத் தேர்வதும் கோப்பை உருவாக்குவதும் ஒரே செயலாக நிகழவேண்டும் என்ற பாடம் இதிலிருந்து பிறந்தது. பெயர் ஊகிக்க முடியாததாக இருக்கவேண்டும் என்ற பாடமும் உடன் வந்தது. பிற்காலத்தில் உலாவிகள் உருவாக்கிய பொருளற்ற எழுத்துக் கோவைப் பெயர்களின் வேர் இங்கே இருக்கிறது.

தூய்மைப்படுத்துவதற்கும் யூனிக்ஸ் உலகில் ஒரு வழக்கம் உருவானது. கணினி மறுபடி தொடங்கும்போது 'டிஎம்பி' வெறுமையாகலாம் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். மறுதொடக்கத்தைத் தாண்டியும் நிற்கவேண்டியவற்றுக்கு 'வார்' கோப்புறைக்குள் இன்னொரு 'டிஎம்பி' இருந்தது. இன்றைய லினக்ஸ் அமைப்புகள் பலவற்றில் காணும் சிஸ்டம்டி, முன்னிருப்பாக முதலாவதற்கு 10 நாள், இரண்டாவதற்கு 30 நாள் என்று தவணை குறிக்கிறது. யூனிக்ஸில் இன்னொரு வசதியும் உண்டு. திறந்திருக்கும் கோப்பின் பெயரை நீக்கிவிட்டாலும் அதைத் திறந்த நிரல் தொடர்ந்து படிக்கலாம். நிரல் முடிந்ததும் கோப்பு தானே மறையும்.

விண்டோஸின் மரபு வேறு. டாஸ் காலத்திலிருந்து வந்த 'டெம்ப்', 'டிஎம்பி' என்ற இரு சூழல் மாறிகள் தற்காலிகக் கோப்புகளின் இடத்தைச் சுட்டின. ஆனால் அந்த இடத்தை யார், எப்போது பெருக்குவது என்பதை எதுவும் சுட்டவில்லை. ஒரு கோப்புக்குத் 'தற்காலிகம்' என்ற பண்பைக் குறிக்க விண்டோஸில் வழி உண்டு. ஆயினும் அது, இதை வட்டில் எழுத அவசரப்படாமல் நினைவகத்திலேயே வைத்திருக்க முயல்க என்று இயங்குதளத்துக்குத் தரும் குறிப்பு மட்டுமே. அழிப்பதோடு அதற்குத் தொடர்பில்லை. தற்காலிகப் பெயர் வழங்கும் விண்டோஸ் செயற்கூறு, மூன்றெழுத்து முன்னொட்டுடன் பதினாறடிமான எண் ஒன்றைச் சேர்த்துப் பெயர் அமைக்கும். ஒரு முன்னொட்டுக்கு அது தரக்கூடிய பெயர்கள் 65,535 மட்டுமே. பெருக்கப்படாத கோப்புறையில் அந்த எண்ணிக்கை தீர்ந்ததும் புதிய பெயர் கிடைக்காமல் நிரல்கள் நின்றுபோயின. சேமிப்பிடத்தைத் தானே கவனிக்கும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதி விண்டோஸ் 10இல் 2017இல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸ் பொதுவாக அழிக்க விடாது. இந்த ஒரு விதிதான் உலாவியின் கதையில் மீண்டும் மீண்டும் குறுக்கிடுகிறது.

விருந்தாளிக்குக் கோப்பு வேண்டும்

1996இல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, பிற நிறுவனங்களின் நிரல்களைத் தன் சாளரத்துக்குள் இயங்கவிடும் இடைமுகத்தோடு வந்தது. பின்னாளில் அது என்பிஏபிஐ என்று அறியப்பட்டது. அக்ரோபேட் ஆவணங்களை உலாவியை விட்டு நீங்காமல் படிக்கவேண்டும் என்ற அடோபி நிறுவனத்தின் விருப்பம் இந்த ஏற்பாட்டுக்குத் தூண்டுதல்களில் ஒன்று. ஆவணம், ஒலி, படம், அசைவூட்டம் என்று உலாவிக்குத் தெரியாத எதையும் காட்டும் வழி இதனால் திறந்தது.

இந்த இடைமுகத்தில் ஒரு சிறு தேர்வு இருந்தது. இணையத்திலிருந்து வரும் தரவைச் செருகுநிரல் எவ்வாறு பெறவிரும்புகிறது என்று அதுவே அறிவிக்கலாம். வரவர ஓடையாகப் பெறுவது ஒரு முறை. முழுவதும் வந்தபின் ஒரு கோப்பாகப் பெறுவது இன்னொரு முறை. இரண்டாவதைக் கேட்டால், உலாவி தரவை வட்டில் எழுதி முடித்து, அக்கோப்பின் முகவரியைச் செருகுநிரலிடம் தரவேண்டும்.

கோப்பைக் கேட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காலத்துச் செருகுநிரல்கள் பலவும் ஏற்கெனவே மேசைக்கணினிக்காக எழுதப்பட்ட மென்பொருள்களின் மறுவடிவங்கள். கோப்பைத் திறந்து, முன்னும் பின்னும் தாவிப் படித்துப் பழகியவை அவை. நூறு பக்க ஆவணத்தில் எழுபதாம் பக்கத்துக்குத் தாவவேண்டிய நிரலுக்குத் தொடர் ஓடை போதாது. உலாவியோ இணையத்திலிருந்து ஓடையாக மட்டுமே பெற்றது. இந்த இரு உலகங்களும் சந்தித்த இடம்தான் தற்காலிகக் கோப்பு. மொசில்லாவின் நிரலில் அந்தச் சந்திப்பிடத்துக்கு இட்ட பெயர் 'பிளக்டிஎம்பி'.

இங்கேதான் பொறுப்பு பிரிகிறது. கோப்பை எழுதுவது உலாவி. திறந்து வைத்திருப்பது செருகுநிரல். அழிக்கவேண்டியது மீண்டும் உலாவி. செருகுநிரல் கோப்பை எப்போது மூடும் என்று உலாவிக்கு உறுதியாகத் தெரியாது. மூடாதவரை விண்டோஸ் அழிக்க விடாது. ஆகவே உலாவி முடியும் வேளையில் மொத்தக் கோப்புறையையும் நீக்குவது என்று ஏற்பாடு அமைந்தது. ஒழுங்காக முடியும் உலாவிக்கு இது பொருந்தும். நடுவில் நிலைகுலைந்து நின்றுபோகும் உலாவிக்குப் பொருந்தாது. அப்படி நின்றால் கோப்புறை கிடந்தபடியே கிடக்கும். அடுத்த முறை தொடங்கிய உலாவி, 'பிளக்டிஎம்பி' என்ற பெயர் எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு 'பிளக்டிஎம்பி-1' என்று புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளும். பயனரை அச்சுறுத்திய அந்த எண் வரிசைக்கு மறைபொருள் எதுவுமில்லை. முந்தைய கோப்புறை இன்னும் நீக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

அக்காலத்தில் செருகுநிரல் உலாவியின் செயல்முறைக்குள்ளேயே இயங்கியதால், அது நிலைகுலைந்தால் உலாவியும் உடன் வீழ்ந்தது. 2010 ஜூனில் வெளியான ஃபயர்பாக்ஸ் 3.6.4, ஃபிளாஷ் உள்ளிட்ட சில செருகுநிரல்களைத் தனிச் செயல்முறையில் இயக்கத் தொடங்கியது. விருந்தாளி மயங்கி விழுந்தாலும் வீட்டுக்காரர் எழுந்து நின்று வீட்டைப் பெருக்கும் நிலை அதன்பிறகுதான் வந்தது.

மறைக்கப்பட்ட அறைகள்

மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறு பாதையில் சென்றது. அதன் செருகுநிரல்களான ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகள் 'டவுன்லோடடு புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற கோப்புறையில் இறங்கின. இறங்கவேண்டிய கோப்பு ஏற்கெனவே அங்கே இருந்து பயன்பாட்டிலும் இருந்தால், 'கான்ஃபிளிக்ட்.1' என்று ஒரு துணைக் கோப்புறை உருவாகும். வழக்கமான சாளரத்தில் இது தென்படாது. அந்தக் கோப்புறைக்கென விண்டோஸ் வைத்திருந்த சிறப்புக் காட்சிமுறை, உள்ளே இருந்ததை உள்ளபடி காட்டாமல் நிறுவப்பட்ட கட்டுப்பாடுகளின் பட்டியலாக மாற்றிக் காட்டியது. கட்டளைச் சாளரம் வழியே பார்த்தவர்களுக்கே உண்மையான அமைப்பு தெரிந்தது.

இணையப் பக்கங்களைச் சேமித்த 'டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' கோப்புறையும் அப்படித்தான். முந்தைய பதிப்புகளில் அதனுள் கேச்1 முதல் கேச்4 வரை எளிய பெயர்கள் இருந்தன. பின்னர் அவற்றின் இடத்தில் எட்டெழுத்துத் தற்செயல் பெயர்கள் வந்தன. காரணம் பாதுகாப்பு. ஓர் இணையத்தளம் தீங்கான கோப்பொன்றைப் பயனரின் கணினியில் சேமிக்கச் செய்யலாம். அது சேமிக்கப்பட்ட முகவரி முன்கூட்டியே தெரிந்தால், வேறொரு குறைபாட்டைப் பயன்படுத்தி அதை இயக்கவும் செய்யலாம். முகவரியை ஊகிக்க முடியாமல் செய்வதே தடுப்பு. ஃபயர்பாக்ஸ் தன் பயனர் விவரக் கோப்புறையின் பெயருக்கு முன்னால் எட்டுத் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்ததற்கும் இதுவே காரணம். பயனரின் கண்ணுக்கு நச்சுநிரலின் வேலைபோல் தோன்றிய அந்தக் குழப்பமான பெயர், நச்சுநிரலைத் தடுக்க வைத்த பூட்டாக இருந்தது.

விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பாதுகாப்புப் பயன்முறை இன்னும் இரண்டு அறைகளைச் சேர்த்தது. உலாவியும் அதன் செருகுநிரல்களும் குறைந்த நம்பிக்கைத் தளத்தில் இயங்கின. அவை எழுதுவதற்கென்று 'டெம்ப்' கோப்புறைக்குள் 'லோ' என்ற தனியிடம் ஒதுக்கப்பட்டது. பழைய பழக்கத்தில் வேறிடத்தில் எழுத முயன்ற செருகுநிரல்களின் கோப்புகள் 'விர்ச்சுவலைஸ்டு' என்ற நிழல் கோப்புறைக்குத் திருப்பிவிடப்பட்டன. செருகுநிரலுக்குத் தான் கேட்ட இடத்திலேயே எழுதியதாகத் தோன்றும். பயனர் அங்கே தேடினால் கோப்பு இராது. எழுதியது எங்கே போயிற்று என்ற புதுவகைத் தேடல் இதனால் தொடங்கியது.

பெயர் சொல்லும் சாட்சியம்

ஜாவா செருகுநிரல் விட்டுச்சென்ற தடயங்கள் வேறுவகை. 'எச்எஸ்பெர்ஃப்டேட்டா' என்று தொடங்கிப் பயனர் பெயருடன் முடியும் கோப்புறை, ஜாவா மெய்நிகர் பொறி தன் செயல்திறன் அளவுகளை எழுதிவைக்கும் இடம். உள்ளே இருக்கும் கோப்பின் பெயர் இயங்கும் செயல்முறையின் எண். பொறி ஒழுங்காக முடிந்தால் கோப்பு நீங்கும், கோப்புறை நிற்கும். நிலைகுலைந்து முடிந்தால் கோப்பும் தங்கும். ஆனால் அடுத்து அதே பயனருக்காகத் தொடங்கும் ஜாவாப் பொறி, இறந்துபோன செயல்முறைகளின் கோப்புகளைத் தேடி அகற்றுகிறது. முன்னவர் விட்டதைப் பின்னவர் பெருக்கும் இந்த ஒழுங்கு எல்லாருக்கும் வாய்த்திருந்தால், பிளக்டிஎம்பி வரிசை உருவாகியிராது.

பெயர் எவ்வளவு தூரம் வழிகாட்டும், எங்கே வழிதவறச் செய்யும் என்பதற்கு எஸ்க்யூலைட் தரவுத்தள நிரலின் வரலாறு நல்ல சான்று. அதன் தற்காலிகக் கோப்புகள் முதலில் 'எஸ்க்யூலைட்' என்ற முன்னொட்டைத் தாங்கின. மெக்காஃபி நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இந்த நிரலைத் தனக்குள் பயன்படுத்தத் தொடங்கியதும், விண்டோஸ் பயனர்களின் 'டெம்ப்' கோப்புறையில் அப்பெயர் கொண்ட கோப்புகள் நிறைந்தன. எரிச்சலடைந்த பயனர்கள் அப்பெயரைத் தேடி, உருவாக்கியவர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் அழைத்துக் குறை சொன்னார்கள். 2006 அக்டோபரில் உருவாக்குநர்கள் அந்த முன்னொட்டை உரோமன் எழுத்துகளில் தலைகீழாகத் திருப்பிப்போட்டனர். அதைத் திருப்பிப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெளிந்தவர், தங்களை அழைப்பதால் பயனில்லை என்பதையும் அறிவார் என்று நிரலின் குறிப்பிலேயே விளக்கமும் எழுதிவைத்தனர்.

சிரிக்கத்தக்க நிகழ்வுதான். ஆயினும் இதில் ஒரு மெய்யான குறை வெளிப்படுகிறது. கோப்பை உருவாக்கிய நிரல் ஒன்று. அந்த நிரலைத் தனக்குள் வைத்திருந்த மென்பொருள் வேறொன்று. பயனருக்குத் தெரிந்ததோ பெயர் மட்டும். பெயர் உண்மையைச் சொன்னது. ஆனால் முழு உண்மையைச் சொல்லவில்லை. கல்வெட்டில் பொறித்தவன் பெயரைக் கண்டு அவனே கொடையளித்தவன் என்று முடிவுகட்டுவதைப் போன்ற பிழை அது.

தற்காலிகம் எனத் தோன்றிய நிரந்தரம்

ஃபிளாஷ் செருகுநிரலின் கதை இதன் மறுபக்கம். 'ஷேர்டு ஆப்ஜெக்ட்ஸ்' என்ற கோப்புறையில் அது இணையத்தளங்களின் தகவல்களைச் சேமித்தது. ஒரு தளத்துக்கு முன்னிருப்பாக 100 கிலோபைட். வழக்கமான குக்கி ஒன்றின் அளவோ ஏறத்தாழ 4 கிலோபைட். இக்கோப்புறை உலாவிக்குச் சொந்தமன்று, செருகுநிரலுக்குச் சொந்தம். ஆகவே உலாவியில் குக்கிகளை அழித்த பயனர் இவற்றைத் தொடவே இல்லை. ஒரே கணினியில் உள்ள வெவ்வேறு உலாவிகளுக்கும் இவை பொதுவாக இருந்தன.

2009இல் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், அஷ்கன் சொல்டானியை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, பெரும் இணையத்தளங்களை ஆராய்ந்தனர். ஆய்வுக்கு எடுத்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஃபிளாஷ் குக்கிகளைப் பயன்படுத்தியதை அவர்கள் கண்டனர். பயனர் அழித்த சாதாரணக் குக்கியை, ஃபிளாஷில் மறைந்திருந்த படியைக் கொண்டு சில தளங்கள் உயிர்ப்பித்ததையும் காட்டினர். அழிப்பது பயனரின் உரிமை என்ற எண்ணம் இங்கே பொருளிழந்தது. உலாவியிலிருந்தே செருகுநிரலின் சேமிப்பையும் அழிக்கும் வழி 2011இல் என்பிஏபிஐ இடைமுகத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் வந்த ஃபிளாஷ் 10.3 அதை ஏற்றது. பிளக்டிஎம்பி பயனரை அச்சுறுத்தியது, ஆனால் பெரும்பாலும் தீங்கற்றது. ஷேர்டு ஆப்ஜெக்ட்ஸ் யார் கண்ணிலும் படவில்லை, ஆனால் பின்தொடர்ந்தது. கண்ணுக்குத் தெரிவதன் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அக்காலத்தில் இல்லை.

இந்தியச் சூழலில் இதற்குத் தனியொரு கனம் உண்டு. வீட்டில் கணினி இல்லாத பெருந்தொகையினருக்கு இணையம் அறிமுகமானது பிரவுசிங் சென்டரில்தான். தேர்வு முடிவு, விண்ணப்பம், வங்கி விவரம் எல்லாம் அங்கேதான் திறக்கப்பட்டன. ஒரே விண்டோஸ் கணக்கில் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்த இடத்தில் 'டெம்ப்' கோப்புறையும் பொது. செருகுநிரல் வழியே திறந்த ஆவணம், உலாவி நிலைகுலைந்தால், அடுத்து அமர்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. 2011இல் இந்திய அரசு வெளியிட்ட இணைய மையங்களுக்கான விதிகள், பயனரின் அடையாளப் பதிவையும் பார்த்த தளங்களின் வரலாற்றையும் குறைந்தது ஓராண்டு காக்கும்படி உரிமையாளர்களைப் பணித்தன. சட்டம் கேட்ட பதிவேடு ஒன்று; யாரும் கேட்காமலே கணினி எழுதிய பதிவேடு இன்னொன்று. முன்னதற்குத் தவணை இருந்தது. பின்னதற்கு இல்லை.

துப்பறியும் முறை

இத்தகைய கோப்புறைகளின் மூலத்தைக் கண்டறியும் முறையும் படிப்படியாக உருவானது. அது ஆவண ஆய்வாளர் ஒரு சுவடியை அணுகும் முறையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

முதலில் பெயர். முன்னொட்டு, எண், தற்செயல் எழுத்துகள் ஆகியவற்றைப் பிரித்துப் படிக்கவேண்டும். அடுத்து காலம். கோப்புறை உருவான நேரத்தை உலாவியின் வரலாற்றோடு ஒப்பிட்டால், எந்தப் பக்கம் திறந்தபோது அது தோன்றியது என்பது பல வேளைகளில் தெரியவரும். மூன்றாவது, தற்போதைய பிடி. யூனிக்ஸில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல் எழுதிய 'எல்எஸ்ஓஎஃப்', எந்தச் செயல்முறை எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பட்டியலிடும். விண்டோஸில் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகள் அந்தப் பணியைச் செய்தன. 2006இல் வந்த 'பிராசஸ் மானிட்டர்' கோப்பு உருவாகும் கணத்தையே பதிவுசெய்து, அதைச் செய்த செயல்முறையின் பெயரைக் காட்டியது.

நான்காவது, மீளச் செய்து பார்த்தல். உலாவியை மூடி, கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தி, செருகுநிரல்களை முடக்கி, ஒவ்வொன்றாக இயக்கி, எது இயங்கும்போது கோப்புறை மீண்டும் தோன்றுகிறது என்று பார்ப்பது. இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் ஊகத்துக்கு இடம் தராத முறை இதுவே. உலாவி இயங்கும்போது அழிக்காமல் இருப்பதும், மூடிய பிறகும் நீங்காதவற்றை மட்டும் அழிப்பதும் இந்த வரலாறு கற்றுத்தந்த எளிய எச்சரிக்கை.

செருகுநிரல்களின் காலம் முடிந்தபின்னும் இம்முறை காலாவதியாகவில்லை. குரோம் உலாவி 2015 ஏப்ரலில் என்பிஏபிஐ ஆதரவை முன்னிருப்பாக முடக்கி, செப்டம்பரில் முற்றிலும் நீக்கியது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் தவிர மற்றவற்றைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அந்த இடத்தைப் பிடித்த நீட்சிகளும் தற்காலிகக் கோப்புறைகளை உருவாக்கவே செய்கின்றன. குரோம் ஒரு நீட்சியை நிறுவும்போது அதன் பொதியை 'ஸ்கோப்டு_டிர்' என்று தொடங்கும் கோப்புறையில் விரித்துச் சரிபார்க்கிறது. தொடரும் எண்களில் முதலாவது உலாவியின் செயல்முறை எண். இரண்டாவது தற்செயல் எண். 'குரோம்_பிட்ஸ்' என்று தொடங்குபவை, விண்டோஸின் பின்னணிப் பதிவிறக்கச் சேவை வழியே உலாவி தன் உறுப்புகளைப் புதுப்பித்தபோது தோன்றியவை. பணி முடிந்ததும் நீங்கவேண்டிய இவையும் உலாவி பாதியில் நின்றால் தங்கிவிடுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒப்பந்தமே இங்கும்; முறியும் இடமும் அதுவே. மாறியிருப்பது ஒன்று: எழுதுபவரும் அழிக்கவேண்டியவரும் இப்போது உலாவி ஒருவரே. பொறுப்பு யாருடையது என்று கேட்டால் விடை இருக்கிறது.

அழிப்பதும் காப்பதும்

வலையின் தொடக்கக் காலத்தை ஆராய்வோருக்கு இதில் தீராத ஒரு முரண் காத்திருக்கிறது. வலைப்பக்கங்களைக் காக்கும் காப்பகங்கள் பக்கத்தின் உரையையும் படத்தையும் சேமித்தன. செருகுநிரல் வழியே ஓடியவை பலவும் அவற்றில் முழுமையாகச் சிக்கவில்லை; சிக்கியவற்றையும் இன்றைய உலாவிகளில் உள்ளபடி திறக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தை 2005இல் ஒருவர் திறந்தார் என்பதற்கும், அவர் கண்டது இன்னது என்பதற்கும் எஞ்சியிருக்கக்கூடிய பருப்பொருள் சான்று, பழைய வட்டொன்றின் தற்காலிகக் கோப்புறையிலேயே கிடக்கலாம். நிறுவனம் ஒன்றின் பழைய கணினிகளைக் காப்பகத்துக்கு ஏற்கும்போது முதல் வேலையாக 'டெம்ப்' கோப்புறையை வெறுமையாக்குவது, சான்றைப் படிக்கும் முன்பே எரிப்பதாகும். வட்டை முழுமையாகப் படியெடுத்த பிறகே தூய்மை.

ஆனால் அதே கோப்புறையில், தம் ஆவணம் அங்கே தங்கியிருப்பதை அறியாத ஒருவரின் மருத்துவ அறிக்கையும், வேறொருவரின் சம்பளச் சீட்டும் இருக்கலாம். அவர்கள் அதைக் காப்பகத்துக்குக் கொடுக்கவில்லை. தற்காலிகம் என்ற சொல்லை நம்பித் திறந்து பார்த்தார்கள், அவ்வளவே. அந்தச் சொல் அவர்களுக்குத் தந்த வாக்கை அன்றைய மென்பொருள் காப்பாற்றவில்லை. ஆய்வாளர் அதைக் கண்டெடுக்கும் நாளில், காப்பாற்றப்படாத அந்த வாக்கை நிறைவேற்றும் பொறுப்பும் அவர் கைக்கு வந்துசேர்கிறது. எதைப் படிக்கலாம், எதை முத்திரையிட்டு மூடவேண்டும், எதைப் படிக்காமலே அழிக்கவேண்டும் என்பதை இனி எந்த நிரலும் தீர்மானிக்கப்போவதில்லை.